எள்ளும் உரிமை: பொருந்தாக் கூட்டாளிகளின் அடிதடி நகைச்சுவைப் படங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

1

பெருந்திரளான மக்கள் விரும்பிப் பார்க்கும் கலை வடிவங்களைக் கற்றோர் பொருட்படுத்தாது விடுவது புதியதன்று. கூத்தும் நாவலும் ஒரு காலத்தில் அவ்வாறே ஒதுக்கப்பட்டன. இன்று அவ்வகையில் ஒதுக்கப்படுவனவற்றுள், துப்பாக்கிச் சூடும் வாகனத் துரத்தலும் கட்டிடங்கள் சிதறும் வெடியோசையும் நிறைந்து, ஒருவரோடொருவர் சற்றும் ஒவ்வாத இருவரை ஒரே பணியிற் பிணைத்துச் சிரிப்பூட்டும் அமெரிக்கத் திரைப்படங்கள் குறிப்பிடத்தக்கவை. இவற்றைப் ‘பொழுதுபோக்கு’ என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், ஒரு கதை வடிவம் அரை நூற்றாண்டாக மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்டு வருமாயின், அது ஏதோவொரு சமூகத் தேவையை நிறைவு செய்கின்றது என்றே கொள்ளல் வேண்டும். அத்தேவை யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

இப்படங்களின் கதைக்கட்டு யாவரும் அறிந்தது. நிறத்தாலோ வர்க்கத்தாலோ நாட்டாலோ சுபாவத்தாலோ வேறுபட்ட இருவர் தம் விருப்பத்துக்கு மாறாக ஒன்று சேர்க்கப்படுகின்றனர். ஒருவரையொருவர் வெறுக்கின்றனர், இழித்துரைக்கின்றனர். இருவருக்கும் பொதுவான பகைவன் ஒருவன் உளன். அவனைத் துரத்தும் வழியில் நம்ப இயலாத ஆபத்துகள் நேர்கின்றன. இறுதியிற் பகைவன் அழிகின்றான், இருவரும் நண்பராகின்றனர். முடிவு முன்கூட்டியே தெரிந்த இக்கதையைப் பார்வையாளர் ஏன் விரும்புகின்றனர்?

இவ்வினாவுக்கு விடை தேடுகையில் எமது இலக்கண மரபிலேயே ஒரு திறவுகோல் கிடைக்கின்றது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நான்கு நிலைக்களங்களைக் கூறும். இவற்றுள் எள்ளலை உரையாசிரியராகிய பேராசிரியர் இரு திறத்ததாக விளக்குவர்: பிறரைத் தான் எள்ளிச் சிரித்தல் ஒன்று, பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தானும் சிரித்தல் மற்றொன்று. பொருந்தாக் கூட்டாளிகளின் கதை முழுவதும் முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் பயணமே எனலாம். தொடக்கத்தில் ஒருவன் மற்றவனை எள்ளுகின்றான், அது காயப்படுத்துகின்றது. முடிவில் அதே எள்ளற் சொல்லைக் கேட்டு, எள்ளப்பட்டவனும் சிரிக்கின்றான். இடையில் நிகழ்ந்தது யாதெனின், எள்ளும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதாக இராது இரு பக்கத்துக்கும் பொதுவாகியமையே.

சமூக வாழ்வில் இவ்வுரிமை சமமாகப் பங்கிடப்படுவதில்லை. மேலிருப்பவன் கீழிருப்பவனை எள்ளலாம். கீழிருப்பவன் மேலிருப்பவனை நேர்நின்று எள்ளுதல் குற்றமாகும். ஆகவே, யார் யாரை எள்ளலாம் என்பது ஒரு சமூகத்தின் அதிகார அமைப்பைக் காட்டும் அளவுகோல்களுள் ஒன்று. இவ்வளவுகோலைக் கொண்டு அமெரிக்கத் திரைப்படத்தில், குறிப்பாக வெள்ளையர்–கறுப்பினத்தவர் உறவைக் கருவாகக் கொண்ட படங்களில், இவ்வடிவம் வளர்ந்த வரலாற்றை நோக்குவோம்.

2

ஒவ்வாத இருவரை ஒன்றாக வழிநடத்தும் உத்தி திரைப்படத்தினும் பழையது. 1605 இலும் 1615 இலும் இரு பாகங்களாக வெளிவந்த செர்வாண்டிசின் ‘டொன் குவிக்சோட்’ நாவலில் நெட்டையான கனவுலகப் பிரபுவும் குட்டையான நடைமுறைக் குடியானவனும் இணைந்து பயணம் செய்கின்றனர். எனினும் அங்கு ஒருவர் எசமானர், மற்றவர் ஏவலர். எமது தமிழ்ப் படங்களில் நாயகனுடன் வரும் நகைச்சுவைத் தோழனும் பெரும்பாலும் இவ்வகையினனே. கதை அவனுடையதன்று. கூட்டாளி என்பவன் இவனின் வேறுபட்டவன். கதையின் சரிபாதி அவனுக்கு உரியது. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

திரையில் இச்சரிபாதி உரிமையை நிலைநாட்டியோர் லோரலும் ஹார்டியும் ஆவர். இங்கிலாந்திற் பிறந்த மெலிந்த ஸ்ரான் லோரலும் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திற் பிறந்த பருத்த ஒலிவர் ஹார்டியும் 1927 இல் ஹல் றோச்சின் படப்பிடிப்பு நிலையத்தில் நிலையான இணையாக உருவாகினர். 1929 இல் வெளிவந்த அவர்களது ‘பிக் பிஸ்னஸ்’ என்னும் குறும்படத்தில் நத்தார் மரம் விற்கச் செல்லும் இருவரும் ஒரு வீட்டுக்காரரோடு பிணக்குறுகின்றனர். அவர் இவர்களது காரைத் துண்டு துண்டாக உடைக்க, இவர்கள் அவரது வீட்டைப் பகுதி பகுதியாகத் தகர்க்கின்றனர். விந்தை யாதெனின், ஒருவர் உடைத்து முடியும்வரை மற்றவர் பொறுமையாகப் பார்த்து நிற்பதே. அயலார் கூடி வேடிக்கை பார்க்கின்றனர். பொலிஸ்காரரோ குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கின்றார். பின்னாளைய அடிதடி நகைச்சுவையின் மிகைப்பாடு அனைத்துக்கும் வித்து இங்கேயே உளது. வன்முறை ஒழுங்கான முறைமாற்றமாக்கப்பட்டு, அதனாலேயே சிரிப்புக்குரியதாகின்றது.

ஆயினும் லோரலுக்கும் ஹார்டிக்கும் இடையிலான வேறுபாடு உடலாலும் சுபாவத்தாலும் ஆனது. சமூக ஏற்றத்தாழ்வால் ஆனதன்று. அமெரிக்க இலக்கியத்திலோ சமூக வேறுபாடு கொண்ட இணை நெடுநாளாகவே இருந்து வந்தது. கூப்பரின் நாவல்களில் வெள்ளை வேட்டைக்காரனும் செவ்விந்தியத் தலைவனும், 1851 இல் வெளிவந்த மெல்வில்லின் ‘மொபி டிக்’கில் இஷ்மாயேலும் தென்கடல் தீவினனான குவீக்குவெக்கும், மார்க் ட்வைனின் நாவலில் சிறுவன் ஹக்கும் தப்பியோடிய அடிமை ஜிம்மும் அவ்வாறு அமைந்தோரே. 1948 இல் திறனாய்வாளர் லெஸ்லி ஃபீட்லர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்று இத்தொடர்ச்சியைச் சுட்டிக்காட்டியது. ஊரையும் குடும்பத்தையும் விட்டு நீங்கிய வெளியில், வெள்ளையன் தான் தீங்கிழைத்த இனத்தவனின் அன்பைப் பெறுவதாகக் காணும் கனவே இக்கதைகள் என்பது அவரது கருத்தின் சாரம். மன்னிப்புக் கேளாமலே மன்னிக்கப்படும் கனவு என்று அதனை நாம் சுருக்கிக் கூறலாம். அக்கனவையே திரைப்படம் பின்னர் தனதாக்கிக்கொண்டது.

3

1958 இல் ஸ்ரான்லி கிறாமர் நெறிப்படுத்திய ‘த டிஃபயன்ற் வன்ஸ்’ நகைச்சுவைப் படமன்று; எனினும் நமது வடிவத்தின் எலும்புக்கூடு அதில் முழுமையாக அமைந்துள்ளது. அமெரிக்கத் தென்மாநிலமொன்றில் சிறைக்கைதிகள் இருவர் தப்பியோடுகின்றனர். ஒருவர் கறுப்பினத்தவரான சிட்னி பொய்ற்றியர். மற்றவர் வெள்ளையரான ரொனி கேர்ட்டிஸ். இருவரின் கைகளும் ஒரே சங்கிலியாற் பிணைக்கப்பட்டுள்ளன. வெறுப்போடு தொடங்கும் ஓட்டம், சங்கிலி அறுந்த பின்னரும் பிரியாத நட்பாக முடிகின்றது. மொன்ற்கோமரியின் பஸ் பகிஷ்கரிப்பு 1956 இல் வெற்றியுடன் முடிந்திருந்தது. 1957 இல் லிற்றில் றொக் நகரப் பாடசாலையிற் கறுப்பின மாணவர் நுழைவதற்கு இராணுவப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. அக்காலத்தில் இப்படம் துணிவான முயற்சியே என்பதில் ஐயமில்லை.

இப்படத்தின் இறுதிக் காட்சி வரலாற்றுச் சிறப்புடையது. ஓடும் சரக்குப் புகைவண்டியில் ஏறிவிட்ட கறுப்பினத்தவர், ஏற இயலாது ஓடிவரும் வெள்ளையரின் கையைப் பற்றியிழுக்க முயன்று, அவரோடு தாமும் கீழே விழுந்து விடுதலையை இழக்கின்றார். எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின் 1976 இல் வெளியிட்ட திரைப்படம் பற்றிய தமது நூலில் இக்காட்சிக்குக் கிடைத்த இரு வேறு வரவேற்புகளைப் பதிவு செய்துள்ளார். முற்போக்கு எண்ணங்கொண்ட வெள்ளைப் பார்வையாளர் இதனை நெகிழ்ச்சியோடு வரவேற்றனர். கறுப்பினத்தவர் வாழும் ஹார்லம் பகுதியின் அரங்கிலோ, அவரை முட்டாள் என்று ஏசி, வண்டிக்குத் திரும்பும்படி பார்வையாளர் கூச்சலிட்டனர். ஒரே காட்சி ஒரு சாராருக்கு நல்லிணக்கமாகவும் மறு சாராருக்கு ஏமாளித்தனமாகவும் தோன்றியது. நட்புக்கான விலையை யார் கொடுக்கின்றார் என்ற வினாவே இரு சாராரையும் பிரித்தது. இவ்வினா இதன்பின் வந்த எல்லாப் படங்களையும் நிழல்போல் தொடர்கின்றது.

இருசாராரும் வெவ்வேறு அரங்குகளில் இருந்தமையும் நோக்கற்பாலது. தென்மாநிலங்களிற் கறுப்பினத்தவர் தனி வாயிலால் நுழைந்து மேல்மாடத்தில் அமர வேண்டியிருந்தது. அல்லது தமக்கென அமைந்த அரங்குகளுக்கே செல்ல வேண்டியிருந்தது. 1964 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பாகுபாடு காட்டலாகாத பொது இடங்களுள் திரைப்பட அரங்குகளையும் பெயர் குறித்துச் சேர்த்தது. தமிழரிடையே சாதி வேறுபாடின்றி அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகலை மையம் திரையரங்கே எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படமும் அரசியலும் பற்றிய தமது 1981 ஆம் ஆண்டு நூலிற் கூறியுள்ளமை இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. ஒரே கூரையின் கீழ் அமர்தல் என்பது ஒரே இடத்திற் சிரிப்பதற்கான முதல் நிபந்தனையாகும்.

1967 இல் நோர்மன் ஜுவிசன் நெறிப்படுத்திய ‘இன் த ஹீற் ஒஃப் த நைற்’ அடுத்த படியாகும். மிசிசிப்பிச் சிற்றூரொன்றின் வெள்ளைப் பொலிஸ் தலைவரும் பிலடெல்பியாவிலிருந்து வந்த கறுப்பினத் துப்பறிவாளரும் ஒரு கொலை வழக்கில் இணைகின்றனர். பொலிஸ் தலைவர் துப்பறிவாளரின் பெயரைக் கேட்டு ஏளனம் செய்ய, அவர் தம்மைத் தமது ஊரில் மரியாதைச் சொல்லோடு அழைப்பர் எனச் சினத்தோடு மறுமொழி கூறுகின்றார். மிசிசிப்பியை நிலைக்களமாகக் கொண்ட இப்படத்தின் பெரும்பகுதி வடக்கே இலினோய் மாநிலத்திற் படமாக்கப்பட்டது. தெற்கே செல்வது தமக்குப் பாதுகாப்பாக இராது எனப் பொய்ற்றியர் கருதியமையே காரணம். இப்படத்துக்கு ஒஸ்கார் விருது வழங்கிய விழாவும், 1968 ஏப்ரல் 4 இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டமையால் இரு நாட்கள் பிந்தியே நடைபெற்றது. 1958 இல் எள்ளலைப் பொறுத்துக்கொண்டவர் 1967 இல் மதிப்பைக் கேட்டுப் பெறுகின்றார். ஆயின் திருப்பி எள்ளும் உரிமை அவருக்கு இன்னும் வாய்க்கவில்லை.

4

அவ்வுரிமை வாய்ப்பதற்கு இரண்டு மாற்றங்கள் நிகழவேண்டியிருந்தன. முதலாவது, மிகைப்பாட்டின் வருகை. 1974 இல் றிச்சர்ட் றஷ் நெறிப்படுத்திய ‘ஃபிறீபி அன்ட் த பீன்’ படத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரத் துப்பறிவாளர் இருவர் (ஜேம்ஸ் கான், அலன் ஆர்க்கின்) ஓயாது வாய்ச்சண்டை பிடித்தவாறே நகரைப் பாழாக்குகின்றனர். உயர்மட்ட நெடுஞ்சாலையிலிருந்து பறக்கும் அவர்களது கார் ஒரு மாடிக் கட்டிடத்துள், முதிய தம்பதியரின் படுக்கையறையிற் சென்று நிற்கின்றது. துப்பறிவாளரோ பதற்றமின்றி, காரை இழுத்துச் செல்ல ஆளனுப்புமாறு தொலைபேசியிற் கேட்கின்றனர்.

இம்மிகைப்பாடு வெறும் ஆடம்பரமன்று. அது இரு பணிகளைச் செய்கின்றது. சிரிப்பதற்கு மனத்தின் இரக்கம் சிறிதுநேரம் மரத்துப்போதல் வேண்டும் என்னும் கருத்தைப் பிரெஞ்சு மெய்யியலாளர் பேர்க்சன் 1900 இல் வெளியிட்ட நகை பற்றிய நூலிற் கூறினார். கார் பறந்தும் ஒருவரும் காயமுறாத உலகில் இரக்கத்துக்கு வேலையில்லை. அச்சம் என்னும் மெய்ப்பாடு நகையாக மாறிவிடுகின்றது. இரண்டாவதாக, ஆபத்து இருவரையும் சமனாக்குகின்றது. குண்டுக்கு நிறம் தெரியாது, பதவி தெரியாது. ஒருவர் காரை ஓட்ட மற்றவர் சுட வேண்டும். ஒருவரை மற்றவர் நம்பியே தீரல் வேண்டும். அன்றாட வாழ்வில் நிகழ அரிதான இச்சமத்துவத்தை நிகழ்த்திக் காட்டுவதற்கு அன்றாட உலகின் விதிகளையே முதலில் இடைநிறுத்த வேண்டியுள்ளது. பறக்கும் காரை நம்பியவன் நட்பையும் நம்புவான். இப்படங்கள் ‘மிகையானவை’ எனக் குறைகூறுவோர், மிகை நீங்கின் நட்பும் நம்பத்தகாததாகிவிடும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

இரண்டாவது மாற்றம் சந்தையில் நிகழ்ந்தது. 1971 இல் வெளிவந்த ‘ஷாஃப்ற்’ முதலிய படங்கள் கறுப்பினப் பார்வையாளரின் நுழைவுச்சீட்டுப் பணம் எத்துணைப் பெரிது என்பதை ஹொலிவூட்டுக்கு உணர்த்தின. ஆயின் பத்தாண்டின் நடுப்பகுதியில் அவ்வகைப் படங்கள் ஓய்ந்தன. இரு சாராரையும் ஒரே படத்துக்கு அழைக்கும் வழியைத் தயாரிப்பாளர்கள் நாடினர். நல்லெண்ணத்தோடு வணிகக் கணக்கும் சேர்ந்தே கலப்பு இணையைப் பிறப்பித்தது என்பது மறைக்கத்தக்கதன்று.

1976 இல் ஆர்தர் ஹில்லர் நெறிப்படுத்திய ‘சில்வர் ஸ்றீக்’ படத்தில் ஜீன் வைல்டரும் மேடை நகைச்சுவையாற் புகழ்பெற்ற கறுப்பின நடிகர் றிச்சர்ட் பிரையரும் முதன்முறையாக இணைந்தனர். பொலிசாருக்குத் தப்புவதற்காகப் புகைவண்டி நிலையக் கழிவறையில் வைல்டர் முகத்திற் கரிய சப்பாத்து மை பூசிக் கறுப்பினத்தவர்போல் நடிக்க முயல்கின்றார், பிரையர் பயிற்றுகின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வெள்ளை நடிகர்கள் முகத்திற் கரி பூசிக் கறுப்பினத்தவரை எள்ளிய மேடை மரபொன்று அமெரிக்காவில் இருந்தது. இங்கு அதே கரிப்பூச்சு தலைகீழாகின்றது. கழிவறைக்கு வரும் கறுப்பினத் தொழிலாளியொருவர் இவ்வேடத்தால் ஏமாறவில்லை. நகைப்புக்கு இடமாகுபவர் தாளம் தவறி ஆடும் வெள்ளையரே. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எள்ளப்பட்டவர் எள்ளுபவராக மாறிய காட்சி அது.

இவ்விருவரும் மீண்டும் இணைந்த ‘ஸ்ரேர் கிறேசி’ 1980 இல் வெளிவந்தது. குற்றமற்ற இருவர் சிறைப்பட்டுத் தப்பும் நகைச்சுவைக் கதை அது. அதனை நெறிப்படுத்தியவர் சிட்னி பொய்ற்றியர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் வெள்ளைக் கைதியோடு சங்கிலியாற் பிணைக்கப்பட்டு நடித்தவரே, இப்போது கறுப்பின, வெள்ளைக் கைதிகள் இருவரையும் கமராவின் பின்னின்று சிரிக்க வைத்தார். கறுப்பின நெறியாளரொருவரின் படம் 10 கோடி டொலருக்கு மேல் ஈட்டியமையும் அப்போதே. பார்வையாளருக்கு முன்னால் நிகழ்ந்த மாற்றம் கமராவின் பின்னாலும் நிகழ்ந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

5

இவ்வாறு தனித்தனியே தோன்றிய கூறுகள் அனைத்தும் 1982 டிசம்பரில் வெளிவந்த, வோல்ரர் ஹில் நெறிப்படுத்திய ‘ஃபோர்ட்டி எயிற் அவர்ஸ்’ படத்தில் ஒன்று சேர்ந்தன. கொலைகாரனொருவனைப் பிடிப்பதற்காகச் சான் பிரான்சிஸ்கோப் பொலிஸ் அதிகாரி ஜக் கேற்ஸ் (நிக் நோல்ற்றி) சிறையிலிருந்து றெஜி ஹமண்ட் என்னும் கைதியை 48 மணித்தியாலங்களுக்கு வெளியே எடுக்கின்றார். ஹமண்டாக நடித்த எடி மேர்பிக்கு அப்போது வயது 21. அது அவரது முதற் படம்.

இப்படத்தின் உயிர்நிலை மதுச்சாலைக் காட்சியாகும். வெள்ளையர் மட்டும் கூடும், கறுப்பினத்தவரை வெறுக்கும் மதுச்சாலையொன்றினுள் ஹமண்ட் கேற்சின் பொலிஸ் சின்னத்தைக் கையிலேந்தித் தனியே நுழைகின்றார். அங்குள்ளோரை அதட்டுகின்றார், சுவரில் நிறுத்திச் சோதனையிடுகின்றார், ஏளனம் செய்கின்றார். சான்றாக, கறுப்பினத்தவர் தெருவில் நாளும் பொலிசாரிடம் அனுபவித்த அதே சொற்களும் செய்கைகளும் வெள்ளையர்மீது திருப்பப்படுகின்றன. ஒரு கைதியின் கையில் ஒரு சின்னம் வந்ததும் உலகம் தலைகீழாகின்றது. அதிகாரம் மனிதனின் தகுதியில் இல்லை, சின்னத்திலேயே உளது என்ற உண்மையை எத்துணை விரிவுரையினும் கூர்மையாக இக்காட்சி கூறிவிடுகின்றது. கதையிற் பிறிதோரிடத்தில் கேற்ஸ், தாம் முன்பு கூறிய இழிசொற்களுக்கு வருந்தித் தமது கடமையே அதற்குக் காரணம் என்கின்றார். கடமை எல்லாவற்றுக்கும் விளக்கமாகாது என ஹமண்ட் அதனை ஏற்க மறுக்கின்றார். ஃபீட்லர் கூறிய கனவு இங்கு ஒருகணம் கலைகின்றது. மன்னிப்பு இலவசமாகக் கிடைக்கவில்லை.

ஆயினும் முடிவை நோக்குக. பகைவன் மாண்டபின் ஹமண்ட் சிறைக்கே திரும்புகின்றார். கேற்ஸ் அவரது நண்பராகின்றார், காவலராகவும் இருந்துவிடுகின்றார். 1958 இல் வண்டியிலிருந்து விழுந்தவரும் 1982 இல் சிறைக்கு மீள்பவரும் கறுப்பினத்தவரே. திரைப்பட ஆய்வாளர் எட் குரேரோ எண்பதுகளின் கலப்பு இணைப் படங்களை ஆராய்ந்து 1993 இல் எழுதிய கட்டுரையில், கறுப்பின நாயகர் இப்படங்களில் வெள்ளையரின் ‘பாதுகாப்புக் காவலில்’ வைக்கப்பட்டுள்ளனர் என வாதிட்டார். தம் இனத்தவரினின்றும் ஊரினின்றும் பிரிக்கப்பட்ட தனி ஒருவராகவே அவர் வெள்ளை உலகில் உலவவிடப்படுகின்றார். ஹமண்டைப் பொறுத்தவரை இது உவமையன்று, சட்டப்படியான உண்மை.

1987 இல் றிச்சர்ட் டொனர் நெறிப்படுத்திய ‘லீதல் வெப்பன்’ இணையின் இடங்களை மாற்றியமைத்தது. இங்கு குடும்பமும் வீடும் அமைதியும் உடையவர் ஐம்பது வயதை எட்டும் கறுப்பின அதிகாரி (டனி குளோவர்). மனைவியை இழந்து சாவை நாடித் திரிபவர் வெள்ளையர் (மெல் கிப்சன்). கறுப்பினத்தவரின் உணவுமேசையிலேயே வெள்ளையர் மீண்டும் மனிதராகின்றார். 1989 இல் வந்த இரண்டாம் பாகத்திற் பகைவர் தென்னாபிரிக்க அரசதந்திரிகள். நிறவெறி ஆட்சி நிலவிய அக்காலத்தில், அந்நாட்டுத் துணைத்தூதரகத்துக்குச் செல்லும் கறுப்பின அதிகாரி தாம் தென்னாபிரிக்காவிற் குடியேற விரும்புவதாக முகம் மாறாது கூற, அங்குள்ள அலுவலர் தடுமாறுகின்றார். எள்ளல் இங்கு ஒரு தனிமனிதனை விட்டு ஓர் அரச அமைப்பையே தொடுகின்றது.

எனினும் திரை வேறு, தெரு வேறு. 1991 மார்ச் 3 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிசார் றொட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரை அடித்து நொறுக்கினர்; அக்காட்சி ஒளிநாடாவிற் பதிவாகி உலகெங்கும் காட்டப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட பொலிசார் 1992 ஏப்ரல் 29 இல் விடுவிக்கப்பட்டதும் நகரம் தீப்பற்றியது; ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிசைச் சேர்ந்த நண்பரிருவரைப் போற்றும் ‘லீதல் வெப்பன்’ மூன்றாம் பாகம் மே 15 இல், இரு வாரங்களுக்குச் சற்று அதிகமான இடைவெளியில், அரங்குகளுக்கு வந்து பெருவெற்றி பெற்றது. திரையில் ஒரு கட்டிடம் நகைச்சுவையாக இடிந்து வீழ்கையில், தெருவில் எரிந்த கட்டிடங்களின் சாம்பல் அகற்றப்படவில்லை. மக்கள் ஏமாற்றப்பட்டனர் என்று இதனை விளக்குவது எளிது. தெரு மறுத்த ஒன்றைத் திரையில் தேடிச் சென்றனர் என்று விளக்குவது பொருத்தம். இரு விளக்கங்களிலும் உண்மை உண்டு. நிறைவேறாத தேவையே கனவை வேண்டி நிற்கும்.

6

வடிவம் வேரூன்றியபின் ஒவ்வொரு காலத்தின் பகையையும் அது தன்னுள் இழுத்துக்கொண்டது. 1988 இல் அதே வோல்ரர் ஹில் நெறிப்படுத்திய ‘றெட் ஹீற்’ படத்தில் சோவியத் பொலிஸ் அதிகாரியும் சிக்காகோப் பொலிஸ்காரரும் இணைகின்றனர். கொர்பச்சேவும் றேகனும் ஏவுகணை உடன்படிக்கையிற் கையெழுத்திட்ட 1987 டிசம்பரை அடுத்து வந்த இப்படத்துக்கு, மொஸ்கோவின் செஞ்சதுக்கத்திற் சில காட்சிகளைப் படமாக்கவும் அனுமதி கிடைத்தது.

1998 இல் பிறெற் றட்னர் நெறிப்படுத்திய ‘றஷ் அவர்’ மற்றொரு திருப்பமாகும். ஹொங்கொங்கில் பிரித்தானிய ஆட்சி முடிவுற்ற 1997 ஆம் ஆண்டு நிகழ்விலிருந்து தொடங்கும் இக்கதையில், ஹொங்கொங் துப்பறிவாளர் லீயும் (ஜக்கி சான்) லொஸ் ஏஞ்சல்ஸ் கறுப்பினத் துப்பறிவாளர் காட்டரும் (கிறிஸ் ரக்கர்) இணைகின்றனர். வெள்ளையரின் இடம் இங்கு வெறுமையாகிவிட்டது. வழக்கிலிருந்து லீயை விலக்கி வைப்பதற்காகவே அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் காட்டரை அமர்த்துகின்றனர், இருவருமே புறந்தள்ளப்பட்டோர். லீக்கு ஆங்கிலம் தெரியாதெனக் கருதிக் காட்டர் உரக்கக் கத்திப் பேசுகின்றார். லீயோ எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டே மௌனம் காத்துப் பின்னர் அதனை வெளிப்படுத்துகின்றார். எள்ளியவரே எள்ளப்பட்டவராகின்றார். பிறிதொரு காட்சியில், காட்டர் தம் இன நண்பருடன் உறவாடப் பயன்படுத்திய சொல்லை லீ அறியாமையால் அப்படியே திருப்பிக் கூற, மதுச்சாலையிற் பெருஞ்சண்டை மூள்கின்றது. சொல் ஒன்றே; அதனைச் சொல்லும் உரிமை ஒன்றன்று. எள்ளலின் இலக்கணத்தை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது. 1992 ஆம் ஆண்டுக் கலவரத்தில் இதே நகரிற் கொரியர்களின் கடைகள் பெருமளவில் எரிக்கப்பட்டதையும் கறுப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் இடையே நிலவிய கசப்பையும் நினைவிற் கொள்வோர்க்கு இவ்விணையின் பொருள் மேலும் ஆழமாகப் புலப்படும்.

மிகைப்பாட்டுக்கும் ஜக்கி சான் புதுப்பொருள் தந்தார். பீக்கிங் இசைநாடகக் கலைகளைச் சிறுவயது முதல் கடும் பயிற்சியாற் கற்ற அவரது அடிதடி, வெடிமருந்தை விட உடலையே நம்புவது. இறுதிச் சண்டையில் அவர் எதிரிகளோடு பொருதுகையிலேயே கண்காட்சியில் வைக்கப்பட்ட பழஞ்சீனச் சாடிகள் உடையாது தாங்கிப் பிடிக்கின்றார். ஒரு கையால் அடித்து மறு கையாற் காப்பது அழகிய நகை. அரும்பாடுபட்டுக் காத்த சாடி அடுத்தகணம் குண்டுபட்டுச் சிதறுவது அதனினும் பெரிய நகை.

இவ்வளவு காலமும் இவ்வடிவம் ஏறக்குறைய முழுவதும் ஆண்களின் உடைமையாகவே இருந்தது. 2013 இல் போல் ஃபீக் நெறிப்படுத்திய ‘த ஹீற்’ படத்திற் புலனாய்வு அதிகாரியும் நகரப் பொலிஸ் அதிகாரியும் ஆகிய பெண்கள் இருவர் (சான்ட்றா புல்லொக், மெலிசா மக்கார்த்தி) அவ்விடத்தைப் பிடித்துப் பெருவெற்றி ஈட்டினர். எள்ளும் உரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தோர் ஒவ்வொருவராக உள்ளே வருவதே இவ்வடிவத்தின் வரலாறு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

7

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், இப்படங்களின் கவர்ச்சி வெடியோசையில் மட்டும் இல்லை என்பது புலனாகும். சமமற்ற இருவர் சமமாகப் பேசும் காட்சியைப் பார்க்கும் வேட்கையே அதன் அடித்தளம். பொறுத்தல், மதிப்புக் கேட்டல், எள்ளல் என மூன்று படிகளில் அமெரிக்கத் திரை அவ்வேட்கைக்கு இடமளித்தது. மிகைப்பாடு அதற்கு வழிவிட்டது. ஒரே கூரையின் கீழ் அமர்ந்த பார்வையாளர் கூட்டம் அதற்கு விலை கொடுத்தது.

எள்ளும் உரிமை அற்பமானதன்று. அஞ்சுபவன் எள்ளமாட்டான், எள்ளத் தொடங்கியவன் அஞ்சுவதை நிறுத்தத் தொடங்கியவனே. ஆயின் அவ்வுரிமை ஏனைய உரிமைகளுக்கு ஈடாகாது. ஹமண்டின் நாவு விடுதலை பெற்றது. அவரது கை விலங்கிலேயே இருந்தது. சிரிப்பினால் வந்த சமத்துவம் படம் முடிந்து விளக்குகள் ஏற்றப்பட்டதும் எங்கே செல்கின்றது என்ற வினாவை இவ்வடிவம் தானே எழுப்புவதில்லை. அதனை எழுப்புவது பார்வையாளரின் கடமையாகும்.

ஆகவே இப்படங்களை வெறுத்தொதுக்குவதும் தவறு. மயங்கி ஏற்பதும் தவறு. ஒவ்வொரு படத்தையும் பார்க்கும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். யார் யாரை எள்ளுகின்றார்? எள்ளப்பட்டவர் திருப்பி எள்ள இயலுமா? நட்பின் விலையை இறுதியிற் கொடுப்பவர் யார்? ஹார்லம் அரங்கின் மக்கள் எந்தக் கோட்பாட்டு நூலையும் கல்லாமலே மூன்றாவது வினாவை எழுப்பினர். புகைவண்டிக்குத் திரும்பும்படி அவர்கள் எழுப்பிய கூச்சல், திரைப்படத் திறனாய்வு வரலாற்றில் இடம்பெறத்தக்க ஒரு குரலாகும்.